நிறுவனச் செலவில் லாரி ஓட்டுநர் பயிற்சி: கையெழுத்திடுமுன் அறிய வேண்டியவை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழிலுக்கு வந்த மூத்த ஓட்டுநர்களில் பலர் கிளீனராகத்தான் முதலில் வண்டியில் ஏறினார்கள். தார்ப்பாய் போடவும், கயிற்றை இழுத்துக் கட்டவும், டயரைத் தட்டிப் பார்த்து அந்த ஓசையிலேயே காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கவும் பழகிய பையனிடம், ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் ஒரு நாள் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். சில ஆண்டுகளில் அவனும் டிரைவராகிவிடுவான். அந்த வழியில் பயிற்சிக்கென்று யாரும் கட்டணம் கேட்டதில்லை, குறைந்த கூலிக்கு உழைத்த ஆண்டுகளே கட்டணமாகக் கழிந்தன. இன்று பல லாரிகள் கிளீனர் இல்லாமல் ஓடுகின்றன. ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகளே அந்த வேலைக்கு வரத் தயங்குகிறார்கள். பட்டறையில் நிற்கும் வண்டிக்கும் வங்கித் தவணை கட்டியாக வேண்டிய நிலையில், ஆளை எடுத்துத் தாங்களே செலவு செய்து பழக்கிக்கொள்ளும் முறைக்குச் சில நிறுவனங்கள் வந்திருக்கின்றன.

அதன் அமைப்பு எளியது. கனரக வாகன உரிமம் இல்லாத ஒருவரைப் போக்குவரத்து நிறுவனம் தேர்ந்தெடுத்து, ஓட்டுநர் பள்ளிக் கட்டணம், உரிமத்துக்கான அரசுக் கட்டணம், சில இடங்களில் தங்குமிடம், உணவு ஆகியவற்றின் செலவைத் தானே ஏற்கிறது. அதற்கு ஈடாக, உரிமம் கிடைத்தபின் குறிப்பிட்ட மாதங்கள் அந்த நிறுவனத்திலேயே வண்டி ஓட்டுவதாகவும், இடையில் விலகினால் செலவுத் தொகையைத் திருப்பிக் கட்டுவதாகவும் பயிற்சி பெறுபவர் எழுதித் தருகிறார். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு விசைத்தறி ஓட்டுபவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கே காசாக வரும் முன்பணம் இங்கே பயிற்சியாக வருகிறது. ஆகவே அட்வான்ஸ் வாங்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்வியையே இங்கும் முதலில் கேட்க வேண்டும்: இந்தக் கடன் எப்படிக் கழிகிறது?

அந்தக் கேள்விக்குப் போகுமுன், பயிற்சியில் சேரவே சட்டப்படி நமக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதோடு, இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் கனரக வாகனத்துக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். படிவம் 1ஏ என்னும் மருத்துவச் சான்றும், ஓட்டுநர் பள்ளி தரும் படிவம் 5 என்னும் பயிற்சிச் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. எனினும் ஒரு நிறுவனம் தன் அளவில் பத்தாம் வகுப்பைக் கேட்பதற்குத் தடையில்லை. பதினெட்டு வயதுப் பையனிடம் "இப்பவே சேர்ந்துக்கங்க தம்பி, நேரா டாரஸ் லாரியிலயே ஏத்தி விடறோமுங்க" என்று யாராவது சொன்னால், அவர் சட்டம் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது உரிமம் இல்லாமலே ஓட்டவைக்க நினைப்பவராக இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அந்த இடம் வேண்டாம்.

20 வயது நிறைந்தவருக்கு, கனரக உரிமத்துக்காகக் காத்திருக்கும் அந்த ஓராண்டு வீணாகப் போக வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கோ காய்கறி மண்டிக்கோ குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியை ஓட்டி ஓராண்டு கழித்தவருக்குச் சரக்கின் எடை பிரேக்கில் எப்படித் தெரியும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கும். நேர்முகத்திலும் அவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

செலவை ஏற்கும் நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் லாரி வைத்திருப்பவர்களில் ஒன்றிரண்டு முதல் நாலைந்து வண்டி வரை வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களே மிகுதி. அவர்கள் பத்திரம் எழுதுவது அரிது. தெரிந்த பையன் என்றால் உரிமச் செலவைக் கொடுத்துவிட்டுப் பேட்டா என்னும் பயணப்படியில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கு நோட்டில் எழுதப்படுகிற வரை அதில் பெரிய குறையும் இல்லை. பெரிய சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள்தான் எழுத்துப் பூர்வமான ஒப்பந்தம் கேட்கும். இவை தவிர, அசோக் லேலண்ட் நாமக்கல்லில் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையம், ஐ.ஆர்.டி. எனப்படும் அரசு சார்ந்த சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் நடத்தும் பயிற்சி நிலையம் போன்றவை இருக்கின்றன. அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் கனரக வாகன ஓட்டுதல் இப்போது இருக்கிறதா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, அது இல்லையென்றான பிறகு நிறுவனத்தின் பத்திரத்தைப் படிக்க உட்காருவதே முறை. கட்டுப்பாடில்லாமல் கிடைக்கக்கூடிய ஒன்றைக் கேட்டுப் பார்க்காமலே, இரண்டு ஆண்டு உழைப்பை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இனிக் கடன் கழியும் விதத்துக்கு வருவோம். கணக்குக்காக, பயிற்சிச் செலவு 40,000 ரூபாய், பணிக் கட்டுப்பாடு 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பத்திரத்தில், வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கடனில் 24இல் ஒரு பங்கு குறையும் என்று இருக்கலாம். அப்படியானால் 18ஆம் மாதம் முடிந்து விலகுபவர் மீதி ஆறு மாதத்துக்கான 10,000 ரூபாயைக் கட்டினால் போதும். இன்னொரு பத்திரத்தில், 24 மாதம் முடிவதற்குள் எப்போது விலகினாலும் முழுத் தொகை என்று இருக்கலாம். அதில் 23ஆம் மாதத்தில் தந்தைக்கு உடல்நலம் இல்லாமல் ஊர் திரும்ப நேர்ந்தாலும் 40,000 ரூபாய் தலையில் நிற்கும். இரண்டும் ஒரே தொகை, ஒரே காலம்; ஆனால் இரண்டாவது பத்திரத்தில் நீங்கள் ஓட்டிய கிலோமீட்டர் எதுவும் கடனைக் குறைப்பதில்லை. முதல் வகையாக இல்லாத பத்திரத்தில், அப்படி மாற்றி எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை, ஓட்டுநர் கிடைக்காமல் வண்டி நிற்கும் காலம் இது, கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

பத்திரத்தில் எழுதப்படாத செலவு ஒன்றும் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஓட்டுநருக்கு வெளியில் கிடைக்கும் சம்பளத்தைவிட இந்த நிறுவனம் மாதம் 2,000 ரூபாய் குறைவாகத் தருகிறது என்று கொண்டால், 24 மாதத்தில் அது 48,000 ரூபாய். "இலவசம்" என்று சொல்லப்பட்ட 40,000 ரூபாய்ப் பயிற்சிக்கு, 8,000 ரூபாய் கூடுதலாகவே செலுத்தியாயிற்று. ஆகவே பயிற்சித் தொகையைக் கேட்கும்போதே உரிமம் வந்தபின் கொடுக்கப்போகும் சம்பளம் எவ்வளவு, பேட்டா நாளுக்கா டிரிப்புக்கா கிலோமீட்டருக்கா, வண்டி பழுதுவேலைக்காகப் பட்டறையில் நிற்கும் நாள்களுக்குப் படி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கி, அதே வழித்தடத்தில் ஓடும் வேறு இரண்டு ஓட்டுநர்களிடம் விசாரித்து ஒப்பிட வேண்டும். வள்ளிபுரத்து டீக்கடையிலோ சங்ககிரிப் பட்டறையிலோ அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தத் தகவல் கிடைத்துவிடும்.

காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். பயிற்சியில் சேர்ந்த நாளா, உரிமம் வந்த நாளா, தனியாக வண்டி ஒப்படைக்கப்பட்ட நாளா? மூன்றுக்கும் இடையே பல மாத வேறுபாடு வரக்கூடும். தேர்வில் தவறினால் செலவு யாருடையது, நிறுவனமே வேலையிலிருந்து நீக்கினால் கடன் நிற்குமா ரத்தாகுமா, விபத்தில் அடிபட்டு ஓட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பவற்றுக்கும் பத்திரத்தில் விடை இருக்க வேண்டும். நிறுவனம் நீக்கும்போதும் ஓட்டுநரே பணம் கட்ட வேண்டும் என்ற வரி இருந்தால், அதை அடிக்கச் சொல்லாமல் கையெழுத்திடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். "அதெல்லாம் சும்மா பேருக்குத்தானுங்க, யாரும் படிக்கறதில்லைங்க" என்று மேலாளர் சிரித்தபடி சொல்வார். பேருக்கு இருக்கும் வரியை அடிப்பதில் அவருக்கும் சிரமம் இருக்க முடியாது.

இத்தகைய பத்திரம் சட்டத்தின் முன் செல்லுமா என்பதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. ஒன்று, அது வெறும் மிரட்டல், நீதிமன்றத்தில் நிற்காது என்பது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆனால் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும், இல்லையேல் தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அந்தத் தடைக்குள் வராது என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கட்டுப்பாடு மூன்றாண்டு, தொகை இரண்டு லட்சம். இன்னொரு நம்பிக்கை, பத்திரத்தில் எந்தத் தொகை எழுதியிருந்தாலும் அப்படியே கட்டியாக வேண்டும் என்பது. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, எழுதப்பட்ட தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எதுவோ அதையே நீதிமன்றம் வழங்கும். 40,000 ரூபாய் செலவழித்துவிட்டு மூன்று லட்சம் எழுதிக்கொண்ட நிறுவனம், மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பள்ளிக் கட்டண ரசீதுகளின் நகலைப் பயிற்சியின்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பத்திரத்தைவிட ஆபத்தானது அதனுடன் சேர்த்துக் கேட்கப்படும் வெற்றுக் காசோலை. ஒப்பந்தத்தை மீறுவது உரிமையியல் விவகாரம். அதற்காகக் காவல் நிலையத்துக்கு இழுப்போம் என்பது பயமுறுத்தல். ஆனால் கையெழுத்திட்ட காசோலை ஒன்று அவர்களிடம் இருந்து, அதில் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ்க் குற்ற வழக்கே தொடுக்கலாம்; தண்டனை இரண்டாண்டு வரை போகும். வண்டிக்கு ஃபைனான்ஸ் வாங்கிப் பழகிய நம் பகுதியில் வெற்றுக் காசோலையும் எழுதாத புரோநோட்டும் கொடுப்பது சாதாரணமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை வேலைக்குச் சேரும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அசல் கல்விச் சான்றையும் அசல் உரிமத்தையும் ஒப்படைக்கச் சொன்னாலும் நகலைத்தான் தர வேண்டும்.

பணக் கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பயிற்சி மோசமாக இருந்தால் அந்த ஏற்பாடு நமக்கு நட்டம்தான். சாதாரண ஓட்டுநர் பள்ளியில் போக்குவரத்து வாகனப் பயிற்சிக்கு விதிப்படி குறைந்தது 30 நாள் காலமும், கனரக வாகனத்தில் 15 மணி நேர ஓட்டமும் வேண்டும். 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் கனரகப் பாடம் ஆறு வாரங்களில் 38 மணி நேரம் நடக்க வேண்டும். அங்கே தேர்ச்சி பெற்றவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. நிறுவனம் எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறது, அங்கே பயிற்சி வண்டி எத்தனை, ஒரு வண்டிக்கு எத்தனை பேர் என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பத்துப் பேர் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, ஆளுக்குப் பத்து நிமிடம் ஓட்டவிடும் பள்ளியில் படிவம் 5 கிடைக்கும், ஓட்டக் கை வராது.

நல்ல பயிற்சி காலையில் வண்டியை எடுக்கும் விதத்திலேயே தெரியும். எஞ்சினை ஓடவிட்டவுடன் கியர் போடாமல், மீட்டரில் முள் உயர்ந்து "ஏர் ஏறட்டும்" என்று காத்திருக்கச் சொல்லித் தருவார்கள். கனரக வண்டியில் பிரேக்கை இயக்குவது காற்றழுத்தம். அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை ஒலிக்கும், மேலும் குறைந்தால் ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்து வண்டி நின்றுவிடும். காற்றுத் தொட்டியில் சேரும் நீரைத் திறந்துவிடவும், எங்காவது கசிகிறதா என்று எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்கவும் பழக்க வேண்டும். பி.எஸ். 6 என்னும் புகைத் தர விதிப்படி வந்த புதிய வண்டிகளில், புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்புளூ திரவம் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றைச் சொல்லாமல் ஸ்டியரிங் பிடிக்க மட்டும் கற்றுத் தருபவர், தேர்வுக்குத்தான் ஆள் தயார் செய்கிறார்.

அடுத்தது மலை இறக்கம். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் உள்ள தொப்பூர் கணவாய் எத்தனை விபத்துகளைப் பார்த்திருக்கிறது என்பது இப்பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீசல் மிச்சமாகும் என்று நினைத்து நியூட்ரலில் இறக்கினால், பாரத்தைத் தடுக்கும் வேலை முழுவதும் கால் பிரேக்கின் மேல் விழுகிறது. டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கிறது, திரும்பத் திரும்ப மிதிப்பதில் காற்றழுத்தமும் இறங்குகிறது. இறக்கம் தொடங்குமுன்பே கீழ்க் கியருக்கு வந்து, எஞ்சினும், புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் வண்டியைப் பிடித்துக்கொள்ள, கால் பிரேக்கை இடையிடையே மட்டும் தொடுவதுதான் முறை. "எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு" என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாதிருக்க டீசல் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே மிச்சம் என்ற வாதமும் நிற்காது. இதைப் பாடமாகச் சொல்வது போதாது. பாரம் ஏற்றிய வண்டியில், பக்கத்தில் அனுபவசாலி உட்கார்ந்திருக்க, தொப்பூரிலோ பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் திம்பத்திலோ ஒரு முறையாவது இறக்கிப் பார்க்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். பயிற்சியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைத்தான் கேட்பேன்.

உரிமம் வந்தவுடன் தனியாக அனுப்பும் நிறுவனத்தைவிட, சில மாதங்கள் மூத்த ஓட்டுநருடன் இரண்டாவது ஆளாக அனுப்பும் நிறுவனம் மேல். ஆனால் உரிமம் வருமுன்பே "இரண்டாவது டிரைவர்" என்று பெயர் கொடுத்து இரவில் ஓட்டவைப்பது வேறு கதை. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது உரிமம் பெற்ற பயிற்றுநர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். பின்னால் படுத்துத் தூங்குபவர் பயிற்றுநர் ஆக மாட்டார். உரிமமின்றி ஓட்டுபவருக்கும், ஓட்டவிட்ட உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நடந்துவிட்டால் காப்பீட்டுச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

சேதத்துக்குப் பிடித்தம் செய்வதும் புதியவர்கள் அடிபடும் இடம். கண்ணாடி உடைந்தது, சரக்கு நனைந்தது என்று சம்பளத்தில் கழிப்பதற்கு, அது ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும்; பொதுவாக எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதே கூலிச் சட்டத்தின் விதி. பயிற்சிக் கடனுக்கான பிடித்தத்தோடு சேதப் பிடித்தமும் சேர்ந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய மாதம் என்று ஒன்று இருந்தால், அங்கே ஏதோ தவறு நடக்கிறது.

அமெரிக்காவில் லாரி ஓட்டும் தமிழர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே ஏற்பாடு இங்கும் இருக்கும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அங்கும் பெரிய நிறுவனங்கள் தம் செலவில் பயிற்றுவித்து, ஓராண்டு அளவில் பணிக் கட்டுப்பாடு கேட்பது வழக்கம்தான். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் ஓட்ட அங்கே 21 வயது வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல், அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சியாளரிடம் நுழைவுநிலைப் பயிற்சி முடித்தால்தான் உரிமத்துக்கு ஓட்டிக் காட்டும் தேர்வுக்கே போக முடியும். அந்த நாட்டு ஒப்பந்தத்தில் பார்த்த சலுகையை இங்குள்ள பத்திரத்தில் தேடிப் பயனில்லை.

யாருக்கு இந்த வழி பொருந்தும் என்றால், கையில் பணமில்லாத, குறைந்தது இரண்டாண்டு ஓரிடத்தில் இருக்க முடிந்த, தொழிலில் யாரையும் தெரியாத இளைஞருக்குப் பொருந்தும். கட்டணத்தை வீட்டில் புரட்ட முடிந்தவர், அல்லது மாமன் மச்சான் யாராவது லாரி வைத்திருப்பவர், சொந்தச் செலவில் உரிமம் எடுத்துக்கொண்டு சம்பளத்தைப் பேரம் பேசுவதே மேல் என்பது என் கருத்து. எரிவாயு டேங்கர் ஓட்ட விரும்புபவர் மட்டும் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அபாயகரமான பொருள்களை ஏற்றும் வண்டிக்குத் தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான மேலொப்பமும் வேண்டும். சாதாரணப் போக்குவரத்து உரிமம் ஐந்தாண்டு செல்லும். இது மூன்றாண்டுதான், புதுப்பிக்கும்போது ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சியும் உண்டு. நாமக்கல்லில் டேங்கர் வேலைக்கு எப்போதும் தேவை இருப்பதால், அந்தப் பயிற்சியின் செலவையும் நிறுவனம் ஏற்குமா, ஏற்றால் கட்டுப்பாட்டுக் காலம் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படுமா என்று முன்பே கேட்டுக்கொள்வது அவசியம்.

கையெழுத்திட்ட பத்திரத்தின் நகல் அன்றைக்கே உங்கள் கையில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் காலம் முடிந்த நாளில், பாக்கி ஏதுமில்லை என்றும் எந்த நாள் முதல் எந்த நாள் வரை எந்த வகை வண்டி ஓட்டினார் என்றும் நிறுவனத்தின் முத்திரையோடு கடிதம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நிறுவனத்தில் அனுபவத்தைக் காட்டுவதற்கும், பின்னாளில் பழைய கணக்கு என்று யாரும் தேடி வந்தால் எடுத்து நீட்டுவதற்கும் அந்த ஒரு தாள் போதும்.